நாலாவது தடவை

எக்ஸ்சேஞ்ச் பலகையில் கார்டுக் கயிற்றை எந்தத் துளையில் செருகுவது, மணியை எவ்வளவு நேரம் அடிப்பது, சீட்டில் நிமிடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் கைவைக்கப் போவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமையோடு நான் பலகையை விட்டு எழுந்துவிடுகிறேன். பதினெட்டு வருடம் ஹெட்செட் மாட்டிய இடது காதில் ஓர் இரைச்சல் குடிவந்துவிட்டது. போகமாட்டேன் என்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு வயது நாற்பத்தாறு. ஓய்வு பெறுகிற வயதில்லை, ஆனாலும் ஓய்வு.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் நால்வரும், "ஏதாவது சொல்லிட்டுப் போங்கக்கா" என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பேசவைத்தவளுக்கு நாலு பேர் முன்னால் நின்று பேசத் தெரியாமல் போனதில் எனக்கே சிரிப்பு. அதனால் எழுதித் தருகிறேன். டிபன் நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'நாலு தடவ அக்கா' என்று பெயர் இருப்பது தெரியும். கோபமில்லை. டிரங்க் கால் முடிந்து ஒரு பக்கத்தில் போனை வைத்துவிட்டால், மறுபக்கமும் முடித்துவிட்டாரா என்று நாம் லைனில் நுழைந்து "பேசுறீங்களா?" என்று மூன்று தடவை கேட்கிறோம். பதில் இல்லையென்றால் கார்டை உருவிவிடுகிறோம். நான் மட்டும் நாலாவது தடவையும் கேட்கிறேன். ஏன் என்று நீங்கள் யாரும் என்னைக் கேட்டதில்லை. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, அதனால் இழுக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். கை நடுங்குவதும் உண்மைதான்.

ஒரு மனிதர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே நான் கார்டை உருவினேன். அதை அவர் வீட்டாரிடம் சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா என்று கிட்டத்தட்ட ஒரு மாதம் தவித்தேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் உங்களிடம் சொல்லவேண்டியதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

நான் சேர்ந்த புதிதில் பக்கத்து நாற்காலியில் ஒரு சீனியர் அம்மா இருந்தார். இடுப்பில் எப்போதும் வறுத்த பட்டாணிப் பொட்டலம் இருக்கும். ஏன் மூன்று தடவை என்று அவரிடம்தான் கேட்டேன்.

"ஒரு தடவ கேட்டுட்டு உருவினா கலெக்டர் ஆபீஸ்காரன் கத்துவான். ரெண்டு தடவ கேட்டு உருவினா நம்ம சூப்பர்வைசர் கத்துவாரு. மூணு தடவ கேட்டுட்டா நம்ம மேல தப்பு இல்ல. அவ்ளோதான்டி" என்றார், பட்டாணியைக் கடித்துக்கொண்டே.

நம்ம மேல தப்பு இல்ல. இந்த நாலு வார்த்தையில் எனக்குப் பல வருடம் சுகமாக ஓடியது.

மத்தியான நேரத்து எக்ஸ்சேஞ்சை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலையில் மண்டிக்காரர்களும் வக்கீல்களும் கத்தித் தீர்த்த பிறகு, இரண்டு மணிக்கு மேல் பலகை மெல்லக் கண் மூடும். கடற்காற்று மாடி ஜன்னல் வழியாக ஏறி வரும். லைனில் யாரும் பேசாதபோதும் ஒரு முனகல் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வெகு தூரத்தில் யாரோ தறி நெய்வதுபோல. சில நாள் அரைக்கண் மூடி அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன், கடலூரிலா, சிதம்பரத்திலா, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏதோ ஒரு கம்பத்தின் உச்சியிலா என்று தெரியாமல் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் ஐம்பத்தேழு வருவார்.

நமக்கு ஆட்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். சிதம்பரம் ஐம்பத்தேழு என்பது ஒரு சாக்குக் கடை. கடைக்காரர் இபுராகிம் பாய். அவர் மனைவியின் தம்பி காதர் பாய் இங்கே கடலூர் முதுநகரில் சாக்குக் கிடங்கு வைத்திருந்தார். வெள்ளி தவிர தினமும் இரண்டரைக்குக் காதர் பாய் சிதம்பரத்துக்குக் கால் புக் செய்வார்.

"தங்கச்சி, நம்ம மச்சானக் குடுங்க."

நான் சிதம்பரம் எக்ஸ்சேஞ்சில் உள்ள அம்புஜத்தைக் கூப்பிடுவேன். அம்புஜம் ஐம்பத்தேழுக்கு மணி அடிப்பாள். எடுத்ததும் இபுராகிம் பாய் முதலில் என்னிடம்தான் பேசுவார்.

"கடலூர் தங்கச்சியா? சாப்டாச்சா? என்னா கொழம்பு?"

சந்தாதாரரோடு பேசக்கூடாது என்பது விதி. "பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிவிடுவேன். ஒரே ஒரு நாள் வாய் தவறி "கத்திரிக்கா" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வாரம், "என்னா தங்கச்சி, இன்னிக்கும் கத்திரிக்காதானா? மாப்ள வேற காய் வாங்கித் தர்றதில்லியா?" என்று ஒரே கிண்டல்.

மூன்று நிமிடம் ஆனதும் லைனில் நுழைந்து சொல்லவேண்டும் அல்லவா? அப்போது காதில் விழுவதைத் தவிர்க்கமுடியாது.

"மச்சான், வந்த சாக்குல பத்து சாக்கு எலி கடிச்சிருக்கு" என்பார் இபுராகிம் பாய்.

"எங்க ஊரு எலியா, உங்க ஊரு எலியா?"

"உங்க ஊரு எலிதான். பல்லு ஜாஸ்தி நீளமா இருக்கு."

நான் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கனத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு, அகலமான நெற்றி என்று குரலை வைத்து நானே ஓர் ஆளைச் செய்து வைத்திருந்தேன். ஒரு சித்திரை மாதம், லைன் கிடைப்பதற்குள் ரிசீவரைக் காதில் வைத்தபடியே தூங்கிவிட்டார். குறட்டை எங்கள் மூன்று நாற்காலிக்கும் கேட்டது. "மச்சான், கடையத் தூக்கிகினு போறாங்க!" என்று காதர் பாய் கத்தியதும், "எவன்டா அவன்?" என்று எழுந்தார். அன்று சாயங்காலம் வரை நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்புதான் பின்னால் என் கையைக் கெடுத்தது.

அந்த வருடம் என் மகன் சேகர் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்ந்திருந்தான். ஒரே பிள்ளை. சின்ன வயதில் இழுப்பு இருந்தவன். அவன் போன நாளிலிருந்து சிதம்பரம் என்ற அந்தத் துளையைப் பார்த்தாலே எனக்கு அவன் இழுப்புதான் ஞாபகம் வரும். லைன் சும்மா இருக்கும்போது அம்புஜத்திடம், "ஹாஸ்டலுக்கு ஒரு மணி அடிடி" என்பேன். இதுவும் விதியில் இல்லாததுதான். எனக்காக விதியை மீறும்போது எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை.

அது ஐப்பசி மழைக்கு முந்தைய புழுக்கம். இரண்டரைக்கு வழக்கம்போலக் கால் போட்டேன். இபுராகிம் பாய் அன்று குழம்பு கேட்கவில்லை. "குடுங்க தங்கச்சி" என்றதோடு சரி. மூன்று நிமிடம் ஆனதும் நுழைந்தேன்.

"மூணு நிமிஷம் ஆச்சி."

"இன்னொரு மூணு குடுங்க" என்றார் காதர் பாய்.

நான் விலகுவதற்குள் இபுராகிம் பாய் சொன்னது காதில் விழுந்தது. "இரு மச்சான். நெஞ்சுல என்னமோ வாயு மாரி அடைக்குது. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

அவர் நடுவில் எழுந்து போவது புதிதல்ல. யாராவது சாக்கு வாங்க வந்தால் போனை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விடுவார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் காதர் பாய் போனை வைத்து மணி சுற்றிவிட்டார். பேச்சு முடிந்ததற்கான அடையாளம் பலகையில் விழுந்தது. நான் லைனில் நுழைந்தேன்.

"சிதம்பரம், பேசுறீங்களா?"

மூச்சு கேட்டது. ஈர மணலில் படகை இழுப்பதுபோல, நீளமாக, விட்டுவிட்டு.

"சிதம்பரம், பேசுறீங்களா?"

அதே மூச்சு.

மூன்றாவது தடவை கேட்கும்போதே எனக்கு உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்குழலைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்து நாற்காலி விமலாவிடம் சொன்னேன்: "ஐம்பத்தேழு தூங்கிட்டாரு."

"பிரியாணியா இருக்கும்" என்றாள் விமலா.

சிரித்தோம். நான் கார்டை உருவினேன். உருவிய கையோடு அம்புஜத்தைக் கூப்பிட்டேன். "ஐம்பத்தேழு முடிஞ்சிது. லைன விட்டுடாத. எனக்கு ஹாஸ்டல் வேணும்."

சேகரை வாட்ச்மேன் போய்க் கூட்டிவந்தார்.

"இருமல் மருந்து குடிச்சியா?"

"குடிச்சேம்மா. இங்க எல்லாரும் நிக்கிறாங்கம்மா. சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். ராத்திரிக்கு ஒரு மூடி குடிக்கணும், தெரியுதா?"

நன்றாக யோசித்துப் பாருங்கள். அதே கம்பி. ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒரு மனிதரின் கடைசி மூச்சு ஓடிவந்த கம்பியில் நான் என் பிள்ளையின் இருமலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரண்டரைக்கு முதுநகரிலிருந்து கால் வரவில்லை. அம்புஜத்திடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? ஐம்பத்தேழு நேத்து மௌத்தாயிட்டாரு."

"எப்ப?"

"மூணரைக்குப் பக்கத்துக் கட தையக்காரரு எட்டிப் பாத்தாராம். மேசமேல தலைய வெச்சிருந்தாராம். ஒடனே தூக்கிகினு போயிருக்காங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூச்சு இருந்துச்சாம். நாப்பத்தஞ்சு வயசுதான்க்கா. பாவம்."

எனக்கும் அப்போது நாற்பத்தைந்து.

நான் சீட்டை எடுத்துப் பார்த்தேன். முடிந்த நேரம் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் இரண்டு நாற்பது என்று இருந்தது. நடுவில் ஐம்பது நிமிடம். அம்புஜத்திடம் ஒரு வார்த்தை, "ஐம்பத்தேழுக்குப் பக்கத்துல யாரயாவது பாக்கச் சொல்லுடி" என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஹாஸ்டல் வாட்ச்மேனை மூன்று மாடி ஏறவைத்தவள்தானே நான்.

விமலா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூணு தடவ கேட்டீங்க இல்ல? அப்புறம் என்னா? நம்ம மேல தப்பு இல்லக்கா."

அந்த நாலு வார்த்தையை அப்போதுதான் வெளியிலிருந்து கேட்டேன்.

அதற்குப் பிந்தைய நாட்களை எப்படிச் சொல்வது? நான் அழவில்லை. சமைத்தேன், வேலைக்குப் போனேன். ஆனால் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. கீரை ஆயும்போது கை தானாக நின்றுவிடும். காலையில் வாசல் தெளிக்கும்போது, அடுத்த நாற்பத்தைந்து எனக்குக் கிடைக்காது என்பது, யாரோ தெருவில் போகிறவர் சொல்லிவிட்டுப் போன செய்திபோலச் சாதாரணமாக மனதில் வந்து நிற்கும். இத்தனை வருடமும் நான் என்ன செய்தேன்? ஆயிரமாயிரம் பேரைச் சேர்த்துவைத்தேன். அவர்கள் பேசினார்கள். நான் விலகி உட்கார்ந்தேன். முடிந்ததும் உருவினேன். என் பங்குக்கு மிச்சமாக ஒரு சொல்லாவது எங்காவது இருக்கிறதா? "கத்திரிக்கா" என்ற ஒரு சொல் இருந்தது. அதையும் கேட்டவர் போய்விட்டார்.

"தூக்கத்துல பேசுறீங்களா, பேசுறீங்களான்னு கேக்குறியே, யாருகிட்ட?" என்று கணவர் ஒரு காலையில் கேட்டபோதுதான் அவரிடம் சொன்னேன். அவர் தாசில்தார் ஆபீசில் குமாஸ்தா. எதையும் இரண்டு தடவை மடித்துத்தான் பையில் வைப்பார்.

"சொல்லி என்னா ஆவப்போவுது? லைன்ல கேட்டத வெளிய சொன்னா வேலைக்கே உல வெச்சிடுவாங்க. சேகர் படிப்ப நெனச்சியா?"

"நெனச்சேன்."

"அப்ப வாய மூடிகினு இரு. மனசு கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

மூன்று வாரம் கழித்துக் காதர் பாய் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். கீழே கவுன்டரில் யாரோ டிரங்க் பலகை அம்மாவைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று சொன்னார்கள். இறங்கிப் போனேன். ஒல்லியான மனிதர், கையில் குடை. நான் "சொல்லுங்க" என்றதுமே முகம் மாறியது.

"நீங்கதானே தங்கச்சி? கொரல வெச்சே கண்டுபுடிச்சிட்டேன்."

நாலடி தள்ளி சூப்பர்வைசர் மேசை. அவர் பேனாவைக் கீழே வைத்ததை நான் பார்க்காமலே உணர்ந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. அன்னிக்கு நான் போன வெச்சதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டுச்சா? அக்கா கேக்கச் சொல்லிச்சி. இத்தாவுல இருக்கு, வெளிய வரக்கூடாது. அதான் நான் வந்தேன்."

என் வாயில் உண்மை வந்து நின்றது. பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தமும் வந்தது. சேகரின் காலேஜ் சட்டை, ஹாஸ்டல் வாசல், கணவர் மடித்து வைக்கும் காகிதம் எல்லாம் ஒரு நொடியில் கண்ணில் ஓடின.

"நாங்க கேக்கறதில்ல பாய். அடையாளம் விழுந்தா உருவிடுவோம்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு சொன்னாரு. நான் காத்திருக்கல. திரும்பி வந்து போன எடுத்தப்ப நான் இல்லாம, மச்சான் மச்சான்னு கூப்பிட்டுப் பாத்திருப்பாரோன்னு... தூக்கமே வரல தங்கச்சி." குடையை எடுத்துக்கொண்டார். "ஒங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்? நல்லா இருங்க."

நல்லா இருங்க என்றார். சூப்பர்வைசரும் மேலே வந்தபின், "கரெக்டா பதில் சொன்னீங்க" என்றார். ஒரே நாளில் இரண்டு பேர் என்னை மெச்சினார்கள். அன்றைக்குத்தான் இடது காதில் இந்த இரைச்சல் ஆரம்பித்தது.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, சேகரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தண்டவாளத்தை ஒட்டிக் கம்பிகள் கூடவே வந்தன. ஒரு கம்பத்தில் உயரும், மெதுவாகத் தாழும், மறுபடி அடுத்த கம்பத்தில் உயரும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை. சவுக்குத் தோப்புக்குள் மறைந்து உப்பளத்தின் மேல் வெளியே வந்தன. வெள்ளாற்றைத் தாண்டும்போது தண்ணீரிலும் தெரிந்தன. இவை என் கம்பிகள் என்று திடீரென்று உறைத்தது. பதினேழு வருடமாகத் தினமும் இவற்றின் வழியாகச் சிதம்பரத்துக்குப் போய்வந்தவள், அவை போகும் வழியை ஒரு நாளும் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தூங்குகிறவரின் நெஞ்சுபோல அவை கூடவே வந்தன. எனக்கும் கண் சொக்கியது. தூங்கிவிடக்கூடாது என்று விரலைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேகர் நன்றாகத்தான் இருந்தான். இருமலே இல்லை. கொண்டுபோன முறுக்கை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்து சொன்னான்: "ஏம்மா தெனம் போன் பண்ற? நான் என்னா செத்தா போயிட்டேன்?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். என் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய், "சரிம்மா, சரிம்மா, பண்ணு" என்றான். அவனை அனுப்பிவிட்டுச் சாக்குக் கடையைத் தேடிப் போனேன்.

சின்னக் கடை. கூரை வரை சாக்குக் கட்டுகள், சணல் வாசனை. நடுவில் ஒரு பழைய மேசை. மேசைமேல் கறுப்புப் போன். அதன் நெற்றியில் ஒட்டிய காகிதத்தில் 57. பதினேழு வருடமாக நான் செருகிய கார்டின் மறுநுனி அது. தொட்டுப் பார்க்கவேண்டும்போல இருந்தது. தொடவில்லை.

காதர் பாய் இருந்தார். கிடங்கைத் தம்பியிடம் விட்டுவிட்டு அக்காவுக்காக இந்தக் கடைக்கு வந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"பாய், அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

அவர் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு கேட்டுச்சி. நீங்க போன வெச்சதுக்கப்புறம் நான் லைன்ல வந்தேன். பேசுறீங்களான்னு கேட்டேன். மூச்சு நல்லா கேட்டுச்சி. தூங்குறாருன்னு நெனச்சிட்டேன். பக்கத்துப் பொண்ணுகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அப்புறம் உருவிட்டேன். அவரு எழுந்து போகவே இல்ல பாய். போன் பக்கத்துலதான் இருந்திருக்காரு. திரும்பி வந்து ஒங்களத் தேடல. தப்பு ஒங்களுது இல்ல. நான் யாரயாவது பாக்கச் சொல்லியிருந்தா..."



பக்கத்துக் கடையில் தையல் மெஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது. காதர் பாய் மேசைமேல் கையை விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"எத்தினி தடவ கேட்டீங்க?"

"மூணு தடவ."

"எப்பிடிக் கேட்டீங்க? கேட்டுக் காட்டுங்க."

அந்தக் கடையின் நடுவில், சாக்குக் கட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டேன். "சிதம்பரம், பேசுறீங்களா?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் மச்சான் இருந்த இடத்தில் தன்னை வைத்துக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஒங்க கொரலு அவருக்கு நல்லா தெரியும்" என்றார். "நான் வெச்சதுக்கப்புறமும் ஒரு ஆளு கூட இருந்திருக்கு. இத நான் அக்காகிட்டச் சொல்வேன். சிரிச்சத சொல்லமாட்டேன்."

நான் கிளம்பினேன். படி இறங்கியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி."

திரும்பினேன். அவர் முகத்தில் கோபம் இருந்தது. இதுவரை இல்லாத கோபம், அடக்கி வைத்தது. கண் கலங்கியிருந்தது.

"நாலாவது தடவ கேட்டிருக்கலாம் தங்கச்சி."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், கொஞ்ச நாளில் சரியாகியிருப்பேன். அவர் கொடுத்தது ஒரு வேலை.

மறுநாளே சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போனார். மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை, அவர் மேலே அனுப்பாமல் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். எனக்கு முன் அதே நாற்காலிகளில் இருந்து முன்னேறியவர் அவர். அவரிடமும் ஏதாவது ஒரு மூச்சு இருந்திருக்கலாம்.

அதிலிருந்து நான் நாலாவது தடவை கேட்கிறேன். மூன்று தடவை "பேசுறீங்களா?" நாலாவதாக, "ஒரு சத்தம் குடுங்க." அதற்கும் பதில் இல்லாமல் லைனில் ஏதோ இருப்பதுபோலத் தோன்றினால், அந்த ஊர் ஆபரேட்டரிடம் சொல்லிப் பக்கத்தில் யாரையாவது எட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

இதனால் நான் யாரையும் காப்பாற்றவில்லை. அப்படி ஒரு கதையை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இந்த ஒரு வருடத்தில் நாலாவது தடவைக்கு நான் கண்டது: புவனகிரியில் ரிசீவரைக் கீழே தள்ளிய ஒரு பூனை. நெல்லிக்குப்பத்தில் போனோடு விளையாடிய ஒரு குழந்தை. அது எனக்கு முழுப் பாட்டு ஒன்று பாடிக் காட்டியது. "ஒனக்கு வேற வேல இல்லியாம்மா?" என்று கேட்ட ஒரு பண்ருட்டி முந்திரி வியாபாரி. அவருக்கு நான் மனதுக்குள் பதில் சொன்னேன்: இல்லை ஐயா, எனக்கு வேறு வேலை இல்லை, இதுதான்.

உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது. நாற்பத்தைந்து வயதில், இனி எத்தனை நாள் என்று தெரியாத பயத்தில், எதற்காக இருந்தேன் என்று தேடியபோது பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் வைத்துவிட்டுப் போனபிறகு, மறுபக்கத்தில் இருப்பவரோடு இன்னும் சற்று நேரம் இருக்கும் ஆள் நான்தான் என்பது மட்டும் தெரிந்தது. பயம் போகவில்லை. இப்போதும் சேகருக்கு இருமல் என்றால் அம்புஜத்தை விடமாட்டேன். காதில் இரைச்சலும் அப்படியே இருக்கிறது. மத்தியானங்களில் அது லைனின் முனகலோடு சேர்ந்துவிடும்; எது கம்பி, எது நான் என்று பிரிக்கமுடியாது. பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னுடைய மூன்றாவது நாற்காலியில் உங்களில் ஒருத்தி உட்காருவாள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டரைக்கு முதுநகர்க் கிடங்கிலிருந்து காதர் பாயின் தம்பி சிதம்பரம் ஐம்பத்தேழைக் கேட்பார். பேசி முடித்து அவர் வைத்துவிடுவார். நீங்கள் லைனில் நுழைந்து "சிதம்பரம், பேசுறீங்களா?" என்று கேட்பீர்கள். பதில் வராது. மறுபடி கேட்பீர்கள். வராது. மூன்றாவது தடவையும் வராது. உங்கள் கை கார்டுக்குப் போகும்.

போகவேண்டாம். அங்கே ஆள் இருக்கிறார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றேதான் பேசாமல் இருக்கிறார். இந்த ஒரு வருடமாக அவர் ஒரு நாளும் நாலாவதற்கு முன்னால் வாய் திறந்ததில்லை.

"ஒரு சத்தம் குடுங்க" என்று கேளுங்கள்.

"இருக்கேன் தங்கச்சி" என்பார். "இப்ப உருவிக்கிங்க."